சிரிப்பு யார் மேல் விழுகிறது? அமெரிக்க டிவி காமெடியில் ஆண் பெண் உரிமைச் சண்டை

ஒரு விடுகதை. அப்பாவும் மகனும் காரில் போகிறார்கள். விபத்து நடக்கிறது. அப்பா அங்கேயே இறந்துவிடுகிறார். பையனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். ஆபரேஷன் செய்ய வந்த மருத்துவர் பையனின் முகத்தைப் பார்த்ததும், "என்னால் கத்தியை எடுக்க முடியாது, இவன் என் மகன்" என்று சொல்லிவிடுகிறார். அப்பாதான் இறந்துவிட்டாரே, அப்புறம் இந்த மருத்துவர் யார்?

1972 அக்டோபர் 7, சனிக்கிழமை இரவு, சிபிஎஸ் சேனலில் 'ஆல் இன் த ஃபேமிலி' தொடரில் குளோரியா என்ற இளம்பெண் இந்தக் கேள்வியைத் தன் வீட்டுக் கூடத்தில் போட்டாள். நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் ஒரு தொழிலாளி வீடு. அவளுடைய அப்பா ஆர்ச்சி பங்கர், சரக்கு ஏற்றி இறக்கும் இடத்தில் ஃபோர்மேன். கறுப்பர், யூதர், பெண்கள் என்று எல்லோரைப் பற்றியும் வாய்க்கு வந்ததைச் சொல்பவர். குளோரியாவின் கணவன் மைக், சமூகவியல் படிக்கும் முற்போக்குக்காரன், ஆனால் வீட்டோடு மாப்பிள்ளை. சாப்பாட்டு மேசையில் இந்த இரண்டு பேரும் முட்டிக்கொள்வதுதான் வாராவாரம் கதை.

விடுகதைக்கு ஆர்ச்சியால் விடை சொல்ல முடியவில்லை. அதில் யாருக்கும் ஆச்சரியம் இருக்காது. மைக்காலும் முடியவில்லை. மேடை போட்டுச் சமத்துவம் பேசுகிற அந்தப் பையனும் வளைத்து வளைத்து யோசிக்கிறானே தவிர, நேராக இருக்கும் விடை அவன் கண்ணில் படவில்லை. கடைசியில் சொல்வது எடித். ஆர்ச்சியின் மனைவி. "வாயை மூடு" என்று அவர் எந்நேரமும் அதட்டுகிற, வெகுளி என்று வீடே முடிவு கட்டி வைத்திருக்கிற எடித். அந்த மருத்துவர் பையனின் அம்மா.

தமிழில் இந்த விடுகதை அப்படியே நிற்கும். 'மருத்துவர்', 'சொன்னார்' என்று எழுதிவிட்டால் ஆணா பெண்ணா என்று மொழி காட்டிக்கொடுக்காது. மரியாதை விகுதி இரண்டு பேருக்கும் பொது. வீட்டில் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். இன்றைக்கும் சிலர் ஒரு நிமிடம் தடுமாறுவார்கள். அந்தத் தடுமாற்றத்தைத்தான் நார்மன் லியர் என்ற தயாரிப்பாளர் கோடிக்கணக்கான வீடுகளுக்குள் கொண்டுபோனார். அன்றைக்கு அமெரிக்காவில் முதலிடத்தில் ஓடிய தொடர் அது. தொடர்ந்து ஐந்து சீசன்கள் அந்த இடத்தை விட்டு இறங்கவில்லை.

ஆண் உரிமையா பெண்ணுரிமையா என்ற சண்டையை டிவி காமெடி எப்படிக் கையாள்கிறது என்று கேட்டால், நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான். சிரிப்பு யார் மேல் விழுகிறது? கருத்தை வைத்திருக்கிற ஆளின் மேல் விழுந்தால், அந்த ஆள் கோமாளியாவார், கருத்து பத்திரமாக இருக்கும். பார்க்கிறவன் தன் மேலேயே சிரிப்பு விழுவதை உணர்ந்தால்தான் ஏதோ நகர்கிறது. விடுகதை எபிசோடில் ஆர்ச்சி தோற்றான், மைக் தோற்றான், சோபாவில் உட்கார்ந்து பார்த்தவரும் தோற்றார். கட்சி கட்டிச் சிரிக்க அங்கே இடமே இல்லை.

ஆனால் அதே தொடரின் மற்ற வாரங்களில் அப்படி இல்லை. லியரின் நம்பிக்கை எளிமையானது: தப்பெண்ணத்தை உரக்கச் சொல்லவிட்டு அதைப் பார்த்துச் சிரித்தால் அது சுருங்கிவிடும். இந்த நம்பிக்கையை நீல் விட்மார், மில்டன் ரோக்கீச் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்து 1974-இல் கட்டுரை வெளியிட்டார்கள். அமெரிக்காவில் பள்ளிப் பிள்ளைகளிடமும் கனடாவில் பெரியவர்களிடமும் கேட்டார்கள். தொடரை எல்லோரும்தான் ரசித்திருந்தார்கள். ஆனால் தப்பெண்ணம் அதிகம் உள்ளவர்களுக்கு மைக்கைவிட ஆர்ச்சியைத்தான் பிடித்திருந்தது. முடிவில் ஜெயிப்பதும் ஆர்ச்சிதான் என்று அவர்கள் கண்ணுக்குப் பட்டிருந்தது. ஒரே காட்சி, ஒரே வசனம். ஒருத்தர் ஆர்ச்சியைப் பார்த்துச் சிரித்தார், இன்னொருத்தர் ஆர்ச்சியோடு சேர்ந்து சிரித்தார். நல்ல வசனங்களில் பாதி ஆர்ச்சி வாயில்தான் இருந்தது. ஆர்ச்சியாக நடித்த கரோல் ஓகானர் அதைச் சொன்ன விதத்தில் அவர் மேல் பாசமும் வந்துவிடும். சிரிக்க வைப்பவன் மேல் மனசு சாய்வது இயல்புதானே.

அந்த 1972-ஆம் ஆண்டைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். ஆண் பெண் சமத்துவத்தை அரசியல் சட்டத்தில் சேர்க்கும் திருத்தத்தை அமெரிக்க நாடாளுமன்றம் மார்ச்சில் நிறைவேற்றி மாநிலங்களின் ஒப்புதலுக்கு அனுப்பியது. (38 மாநிலங்கள் வேண்டும். 1982-இல் கெடு முடிந்தபோது 35-தான் தேறியிருந்தது.) ஜூனில், அரசுப் பணம் பெறும் கல்வி நிறுவனங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் வந்தது. செப்டம்பரிலிருந்து நவம்பருக்குள் ஒரே சேனலில் மூன்று காமெடித் தொடர்கள் இந்தச் சண்டையை மூன்று விதமாக எடுத்தன. ஒன்று மேலே சொன்ன விடுகதை. மற்ற இரண்டில் ஒன்று எனக்கு மிகவும் பிடித்த காட்சி.

'த மேரி டைலர் மூர் ஷோ' 1970 செப்டம்பரில் தொடங்கியது. அதற்கு ஒரு மாதம் முன்னால்தான், ஆகஸ்ட் 26 அன்று, சம உரிமை கேட்டு அமெரிக்கப் பெண்கள் நாடு முழுக்க வேலைநிறுத்தமும் ஊர்வலமும் நடத்தியிருந்தார்கள். கதாநாயகி மேரி ரிச்சர்ட்ஸ், முப்பது வயது, தனியாக வாழ்பவள், மினியாபொலிஸில் ஒரு டிவி நிலையத்தின் செய்திப் பிரிவில் வேலை. முதலில் அவளை விவாகரத்தானவளாகத்தான் எழுதினார்கள். சேனல் ஒத்துக்கொள்ளவில்லை. நிச்சயம் முறிந்துபோன பெண் என்று மாற்றினார்கள். விவாகரத்து பேசக்கூடாத சொல்லாக இருந்த காலம்.

1972 செப்டம்பர் 16 அன்று, மூன்றாவது சீசனின் முதல் எபிசோட். தனக்கு முன்னால் இதே வேலையைப் பார்த்த ஆணுக்குத் தன்னைவிட வாரம் 50 டாலர் கூடுதல் சம்பளம் என்று மேரிக்குத் தெரியவருகிறது. தயங்கித் தயங்கி முதலாளி லூ கிராண்டின் அறைக்குள் போகிறாள். ஏன் என்று கேட்கிறாள். லூ கெட்டவர் இல்லை. முரட்டு வாய், இளகிய மனசு. அவர் ஒளிக்கவும் இல்லை. அவன் ஆண் என்பதால்தான் என்கிறார். அவனுக்குக் குடும்பம் இருந்தது, காப்பாற்ற வேண்டும் என்று காரணமும் சொல்கிறார்.

இந்தப் பதில் நம் ஊர் அலுவலகங்களிலும் கேட்கிற பதில்தான். "அவருக்குப் பொறுப்பு இருக்கும்மா." மேரி அழவில்லை, கத்தவில்லை, உரிமை முழக்கமும் இல்லை. ஒரு கணக்குப் போடுகிறாள். குடும்பச் செலவுதான் சம்பளத்துக்கு அளவுகோல் என்றால், இரண்டு பிள்ளை உள்ளவரைவிட மூன்று பிள்ளை உள்ளவருக்கு அதிகம் தரவேண்டும், கல்யாணம் ஆகாதவருக்கு இவர்களைவிடக் குறைவாகத் தரவேண்டும். அப்படிச் செய்வதில்லையே? லூவிடம் பதில் இல்லை. இங்கே சிரிப்பு லூ என்ற மனிதர் மேல் விழவில்லை, அவர் சொன்ன காரணத்தின் மேல் விழுகிறது. காரணம் தன் காலிலேயே தடுக்கி விழுகிறது. ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம் என்ற சட்டம் 1963-லேயே அமெரிக்காவில் வந்துவிட்டது என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது வருடம் கழித்து, லூ போன்ற நல்ல மனிதர் ஒருவர் கூச்சமே இல்லாமல் அந்தப் பதிலைச் சொல்வதாகக் காட்டினார்கள், பார்த்தவர்களுக்கு அது மிகையாகத் தெரியவில்லை.

இந்தத் தொடரை எழுதியவர்களில் பெண்கள் நிறையப் பேர். 1973 கணக்குப்படி 75 பேரில் 25 பேர். அந்தக் காலத்துக்கு அது கேள்விப்படாத எண்ணிக்கை. அவர்களில் ட்ரெவா சில்வர்மன் 1974-இல் டிவிக்கான எம்மி விருதும் வாங்கினார். ஒரு பெண் சம்பள உயர்வு கேட்கப் போகும்போது கதவுக்கு வெளியே எத்தனை தடவை ஒத்திகை பார்ப்பாள் என்பது அதை அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

45 வருடம் கழித்து, 2017-இல், நெட்ஃபிளிக்ஸில் 'ஒன் டே அட் எ டைம்' தொடரில் ஏறக்குறைய அதே காட்சி வந்தது. டாக்டர் கிளினிக்கில் வேலை செய்யும் கியூபா வம்சாவளிப் பெண் பெனிலோப். ராணுவத்தில் செவிலியாக இருந்தவர். கூட வேலை பார்க்கும் ஆணுக்குத் தன்னைவிட அதிகச் சம்பளம் என்று அவருக்கும் ஒருநாள் தெரியவருகிறது. அந்தத் தொடரின் தயாரிப்பில் நார்மன் லியர் 94 வயதில் இருந்தார்.

சரி, 1972-இன் மூன்றாவது தொடர், 'மாட்'. நவம்பர் 14, 21 என்று இரண்டு வாரம் ஓடிய கதையில், 47 வயது மாட் தான் கர்ப்பமாக இருப்பதை அறிகிறாள், கருவைக் கலைப்பது என்று முடிவெடுக்கிறாள். எழுதியவர் சூசன் ஹாரிஸ். நாடு முழுவதற்கும் அந்த உரிமையை உச்ச நீதிமன்றம் தந்தது அடுத்த ஜனவரியில்தான். இல்லினாய் மாநிலத்தில் இரண்டு நிலையங்கள் ஒளிபரப்ப மறுத்தன. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் மறுஒளிபரப்பு வந்தபோது சுமார் 40 நிலையங்கள் மறுத்தன. இவ்வளவும் பலருக்குத் தெரியும். அதிகம் பேசப்படாத ஒரு இழை அந்தக் கதையில் உண்டு. மாட்டின் கணவன் வால்டர் கருத்தடை ஆபரேஷன் செய்துகொள்ளலாம் என்ற பேச்சு வருகிறது, அவன் பின்வாங்குகிறான். மனைவியின் வயிற்றைப் பற்றி நாடே விவாதிக்கும்போது, சின்ன ஆபரேஷனுக்குக் கணவன் நெளிகிறான். அந்த நெளிவில் வந்த சிரிப்பு ஆண்களைக் கேவலப்படுத்தவில்லை. ஆணுக்கும் உடம்பு இருக்கிறது, பயம் இருக்கிறது என்று காட்டியது. அந்தப் பயத்துக்கு மட்டும் யாரும் சட்டம் போடவில்லை என்பதும் கூடவே தெரிந்தது.

இதற்கு இருபது வருடம் முன்னால் போனால் 'ஐ லவ் லூசி'. 1952 செப்டம்பரில் வந்த ஓர் எபிசோடை அமெரிக்கர்கள் இன்றும் மனப்பாடமாகச் சொல்வார்கள். லூசி கொடுத்த செக் பவுன்ஸ் ஆகிவிடுகிறது. கணவன் ரிக்கி கத்துகிறான், சம்பாதிப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா என்று. வீட்டு வேலை மட்டும் சும்மாவா என்று அவள் திருப்பிக் கேட்கிறாள். பக்கத்து வீட்டுத் தம்பதியும் சேர்ந்துகொள்கிறார்கள். ஆண்கள் வீட்டைப் பார்ப்பது, பெண்கள் வேலைக்குப் போவது என்று பந்தயம்.

லூசியும் பக்கத்து வீட்டு எத்தலும் சாக்லேட் ஃபேக்டரியில் சேர்கிறார்கள். கன்வேயர் பெல்ட்டில் வரும் சாக்லேட் ஒவ்வொன்றையும் காகிதத்தில் சுற்றி அனுப்ப வேண்டும். சுற்றாமல் ஒன்று போனாலும் வேலை போய்விடும். முதலில் பெல்ட் மெதுவாக ஓடுகிறது. பிறகு வேகம் எடுக்கிறது. சுற்ற முடியாததை வாயில் போட்டு அடைக்கிறார்கள், சட்டைக்குள் போடுகிறார்கள், தொப்பிக்குள் ஒளிக்கிறார்கள். மேற்பார்வைக்காரி வந்து பார்க்கிறாள். பெல்ட் காலியாக இருக்கிறது. அடடா, நன்றாகச் செய்கிறார்களே என்று நினைத்து இன்னும் வேகமாக ஓட்டச் சொல்கிறாள். அதே நேரம் வீட்டில் ரிக்கி நாலு பேருக்கு நாலு பவுண்டு அரிசி போட்டு உலை வைத்திருக்கிறான். சோறு பொங்கி அடுப்பு, தரை என்று எங்கும் வழிகிறது. கடைசியில் இரண்டு தரப்பும் தோல்வியை ஒத்துக்கொள்கின்றன. ஆண்கள் மன்னிப்புக் கேட்டுப் பரிசு தருகிறார்கள். ஆளுக்கு ஐந்து பவுண்டு சாக்லேட்.

எத்தனை தடவை பார்த்தாலும் சிரிப்பு வருகிறது. ஆனால் இந்தச் சமநிலையில்தான் எனக்குத் தகராறு. உனக்கும் முடியவில்லை, எனக்கும் முடியவில்லை, அவரவர் இடத்துக்கே திரும்புவோம் என்று முடிப்பது சிட்காமுக்கு, அதாவது வாராவாரக் காமெடித் தொடருக்கு, மிகவும் வசதியான முடிவு. அடுத்த வாரம் கதை முதலிலிருந்து தொடங்க வேண்டும், வீடு பழையபடி இருக்க வேண்டும். லூசி சமையலறைக்குத் திரும்பினால்தான் அடுத்த எபிசோட் உண்டு. கேமராவுக்குப் பின்னால் கதை வேறு. லூசியாக நடித்த லூசில் பால் தன் கணவரோடு சேர்ந்து டெசிலு என்ற டிவி தயாரிப்பு நிறுவனத்தை நடத்தினார். 1962-இல் அவருடைய பங்கையும் வாங்கி, பெரிய டிவி ஸ்டூடியோ ஒன்றின் தலைமைக்கு வந்த முதல் பெண்ணானார். திரையில் பெல்ட்டைச் சமாளிக்கத் தெரியாதவராக நடித்தவர், வெளியே ஃபேக்டரியையே நடத்திக்கொண்டிருந்தார்.

இனி ஆண்கள் பக்கம். இதை நான் இலேசாக எடுத்துக்கொள்ள விரும்பவில்லை. ஆண்கள் உரிமை என்ற பேச்சு அமெரிக்காவில் முழுக்க முழுக்கப் பெண்ணிய எதிர்ப்பாகப் பிறந்தது அல்ல. வாரன் ஃபாரல் என்பவர் 1970களின் தொடக்கத்தில் தேசியப் பெண்கள் அமைப்பின் நியூயார்க் கிளை நிர்வாகக் குழுவில் இருந்தவர். விவாகரத்துக்குப் பிறகு குழந்தை யாரிடம் இருக்க வேண்டும் என்ற கேள்வியில் அமைப்போடு முரண்பட்டு விலகினார். 1993-இல் அவர் எழுதிய புத்தகம் ஆண்கள் உரிமை இயக்கத்துக்கு வேதம் மாதிரி ஆனது. குழந்தை அம்மாவிடம்தான் என்று கோர்ட்டுகள் பழக்கத்தில் முடிவு கட்டியதும், ஜீவனாம்சம் ஆண் மட்டுமே தரவேண்டும் என்று சில மாநிலச் சட்டங்கள் சொன்னதும் உண்மையான குறைகள்.

அந்தக் குறைகளில் சிலவற்றை உடைத்தது யார் என்று பாருங்கள். பிரசவத்தில் மனைவியை இழந்த ஒரு தகப்பன், கைக்குழந்தையை வளர்க்க, சமூகப் பாதுகாப்பு நிதியிலிருந்து விதவைத் தாய்க்குக் கிடைக்கிற உதவியைத் தனக்கும் கேட்டார். தாய்க்கு மட்டும்தான் என்றது சட்டம். அவருக்காக உச்ச நீதிமன்றத்தில் வாதாடியவர் ரூத் பேடர் கின்ஸ்பெர்க், பெண்ணுரிமை வழக்கறிஞர், பிற்காலத்தில் அதே நீதிமன்றத்தின் நீதிபதி. 1975-இல் நீதிபதிகள் ஒருமனதாக அந்தத் தகப்பன் பக்கம் தீர்ப்பளித்தார்கள். கணவன் மட்டுமே ஜீவனாம்சம் தரவேண்டும் என்ற அலபாமா சட்டமும் 1979-இல் அடிபட்டது. பெண் வீட்டுக்கு, ஆண் சம்பாத்தியத்துக்கு என்ற ஒரே சுவர்தான் இரண்டு பேரையும் அடைத்து வைத்திருந்தது என்பதைக் கின்ஸ்பெர்க் கோர்ட்டில் காட்டினார்.

டிவி காமெடி இந்தக் கதையைத் தொடவே இல்லை. அதன் கையில் இருந்தது ஜீவனாம்ச ஜோக். 'தி ஆட் கப்பிள்' (1970–75) தொடரில் விவாகரத்தான இரண்டு ஆண்கள் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்துகிறார்கள், அதில் ஒருவனான ஆஸ்கருக்கு முன்னாள் மனைவிக்குக் கட்டவேண்டிய பணம் எப்போதும் பாக்கி. 1973 செப்டம்பரில் ஹூஸ்டனில் பில்லி ஜீன் கிங் என்ற வீராங்கனை, பாபி ரிக்ஸ் என்ற ஆண் வீரரைத் தோற்கடித்த டென்னிஸ் ஆட்டம் நாட்டையே இரண்டாகப் பிரித்தபோது, அதே ஆண்டு இந்தத் தொடர் அந்த இருவரையும் வரவழைத்து நடிக்க வைத்தது. சண்டையை விளையாட்டாக்கத் தெரிந்த தொடர்தான். தனியாக வாழும் ஆண்களின் வெறுமையையும் சில இடங்களில் நன்றாகக் காட்டியது. ஆனால் குறை என்று வந்தால் பணத்தோடு நின்றுவிடும்.

பிறகு வந்தது அசட்டு அப்பா. 1950களில் 'த ஹனிமூனர்ஸ்' தொடரில் ரால்ஃப் கிராம்டன் மனைவியை நிலாவுக்குப் பறக்கும்படி குத்துவேன் என்று முஷ்டியைத் தூக்குவான், அரங்கு சிரிக்கும். அந்த மிரட்டலை இன்று பார்க்க எனக்கு வயிறு கலங்குகிறது. 90களுக்கு வரும்போது முஷ்டி போய்விட்டது, அசடு மட்டும் தங்கிவிட்டது. ஹோமர் சிம்ப்சன், 'ஹோம் இம்ப்ரூவ்மென்ட்' டிம், 'எவ்ரிபடி லவ்ஸ் ரேமண்ட்' ரே. சமைக்கத் தெரியாது, பிள்ளைகளின் பள்ளி விவரம் தெரியாது, மனைவி என்ன சொல்கிறாள் என்று புரியாது. ஆண்களை டிவி முட்டாளாக்குகிறது என்று ஆண்கள் உரிமைக்காரர்கள் புகார் சொல்வது இதைத்தான். புகாரில் நியாயம் இருக்கிறது. ஆனால் இதனால் பெண்களுக்கு லாபம் என்று நினைத்தால் அதுதான் தப்பு. டயப்பர் மாற்றத் தெரியாதவனிடம் யார் குழந்தையைக் கொடுப்பார்கள்? அவனுடைய அசட்டுத்தனம் அவனுக்கு விடுமுறை, அவளுக்கு இரட்டை ஷிப்ட். கடைசியில் கோர்ட்டில் நிற்கும்போது, குழந்தையை வளர்க்க ஆணுக்குத் தெரியாது என்று அந்தச் சிரிப்பே அவனுக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. அப்பாக்கள் படும் வலிக்கும் அம்மாக்கள் படும் களைப்புக்கும் ஒரே ஜோக் காரணமாக இருப்பதை ஒரு தொடராவது நேராகப் பார்த்திருக்கலாம்.

பார்ப்பதற்கு ஒரு வாய்ப்பு 1992-இல் வந்தது. அந்த மார்ச்சில், அதிபர் தேர்தலில் நின்ற கணவர் பில்லுக்காகப் பிரசாரம் செய்த ஹிலாரி கிளின்டன், தன் வக்கீல் தொழிலைப் பற்றி வந்த கேள்விக்கு, வீட்டில் உட்கார்ந்து குக்கீ சுட்டு டீ விருந்து நடத்தியிருக்கலாம், ஆனால் தொழிலைத் தேர்ந்தெடுத்தேன் என்ற பொருளில் பதில் சொன்னார். நாடு கொதித்தது. உடனே 'ஃபேமிலி சர்க்கிள்' பத்திரிகை அவருக்கும் அப்போதைய அதிபரின் மனைவி பார்பரா புஷ்ஷுக்கும் குக்கீப் போட்டி வைத்தது. வாசகர்கள் இரண்டு செய்முறைகளையும் சுட்டுப் பார்த்து ஓட்டுப் போடலாம். ஹிலாரியின் ஓட்ஸ் சாக்லேட் குக்கீ ஜெயித்தது. ஒவ்வொரு அதிபர் தேர்தலுக்கும் வேட்பாளரின் மனைவி செய்முறை தருவது அப்புறம் பல ஆண்டுகள் வழக்கமாகவே இருந்தது.

மே 18 அன்று, 'மர்ஃபி பிரவுன்' தொடரில், நாற்பதைத் தாண்டிய டிவி செய்தியாளர் மர்ஃபி கல்யாணம் இல்லாமல் குழந்தை பெற்றாள். ஏறத்தாழ 3.8 கோடிப் பேர் பார்த்தார்கள். மறுநாள் சான் ஃபிரான்சிஸ்கோவில் துணை அதிபர் டான் குவேல் பேசினார். பேச்சு பெரும்பாலும் லாஸ் ஏஞ்சலஸ் கலவரத்தையும் குடும்பங்கள் சிதைவதையும் பற்றியது. நடுவில் ஒரு வாக்கியம்: தனியாகக் குழந்தை பெற்று மர்ஃபி தகப்பன்களின் முக்கியத்துவத்தைக் கேலி செய்கிறாள் என்று. மறுநாள் பத்திரிகைகளில் அந்த ஒரு வாக்கியம்தான் இருந்தது. கற்பனைப் பெண்ணோடு துணை அதிபர் சண்டை போடுகிறார்!

செப்டம்பர் 21 அன்று தொடர் பதில் சொன்னது. தலை வாராமல், தூக்கம் இல்லாமல், கைக்குழந்தையோடு தவிக்கும் மர்ஃபி டிவியில் குவேலின் பேச்சைக் கேட்கிறாள். பிறகு தன் செய்தி நிகழ்ச்சியில் பல விதமான குடும்பங்களை அறிமுகம் செய்கிறாள். கடைசியில் குவேல் வீட்டு வாசலில் ஒரு லோடு உருளைக்கிழங்கு கொட்டப்படுகிறது. ஜூன் மாதம் ஒரு பள்ளியில் அவர் அந்தச் சொல்லுக்குத் தப்பாக எழுத்துக் கூட்டி மாட்டிக்கொண்டிருந்தார். அரங்கு அதிர்ந்தது.

மர்ஃபியின் தூக்கமில்லாத முகம் சரியான பதில். உருளைக்கிழங்கு சரியான பதில் இல்லை. சிரிப்பு ஒரு மனிதரின் எழுத்துப் பிழை மேல் விழுந்தது, அவர் எழுப்பிய கேள்வி அப்படியே நின்றது. இத்தனைக்கும் கேள்விக்கான பதில் தொடருக்குள்ளேயே இருந்தது. மர்ஃபி தகப்பனை விரட்டவில்லை. குழந்தையின் தகப்பன், அவளுடைய முன்னாள் கணவன், தன் வாழ்க்கையை விட்டு வரமுடியாது என்று சொல்லிப் போய்விட்டவன். தகப்பன்களின் முக்கியத்துவத்தைக் குறைத்தது யார் என்று அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் குவேலும் யோசித்திருப்பார், விட்டுப்போன தகப்பன்களும் யோசித்திருப்பார்கள், போகாமல் பிள்ளைக்காகக் கோர்ட் படி ஏறிக்கொண்டிருந்த தகப்பன்களுக்கும் யாரோ தங்களைக் கவனித்த மாதிரி இருந்திருக்கும்.

அந்தக் குக்கீப் போட்டியை 23 வருடம் கழித்து ஒரு காமெடித் தொடர் எடுத்தது. 'பார்க்ஸ் அண்ட் ரெக்ரியேஷன்', கடைசி சீசன், 2015 பிப்ரவரி 10. லெஸ்லி நோப், அரசு அதிகாரி, மூன்று பிள்ளைகளின் தாய். கணவன் பென் நாடாளுமன்றத் தேர்தலில் நிற்கிறான். வேட்பாளர்களின் மனைவிகள் 'பை' (உள்ளே பழம் வைத்துச் சுடும் பலகாரம்) சுட்டுப் போட்டி போடுவது அந்தத் தொகுதியின் வழக்கம். லெஸ்லி வேண்டாம் என்றதும் குடும்பப் பெண்ணா இவள் என்று ஒரு கூட்டம் கிளம்புகிறது. சரி, சுடுகிறேன் என்றால் பெண்கள் அமைப்பு கோபிக்கிறது. பென் நான் சுடுகிறேன் என்றால், ஆண்மைக்கு இழுக்கு என்று ஆண்கள் உரிமைக் குழு கொடி பிடிக்கிறது. ஆண்கள் உரிமை அமைப்புகள் 2014 ஜூனில் டெட்ராய்ட் அருகே சர்வதேச மாநாடு நடத்தி, செய்திகளில் அடிபட்ட நேரம் அது.

அந்தக் குழுவின் ஆளைத் தொடர் சுத்தக் கோமாளியாகக் காட்டுகிறது. லெஸ்லி அவனை ஒரே அடியில் ஒதுக்கிவிடுகிறாள். இணையத்தில் பெண்களை மிரட்டி எழுதுகிறவர்களைப் பார்த்துச் சலித்தவர்கள் அந்தக் காட்சிக்குக் கைதட்டினால் நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் ஆர்ச்சிக்குக் கொடுத்த மனித முகம் இவனுக்கு இல்லை. அவனை நம்பி வந்த ஒருத்தன்கூட அந்தக் காட்சியைப் பார்த்து மனம் மாறியிருக்கமாட்டான்.

அதே எபிசோடில் இன்னொரு இடம் இருக்கிறது. அதற்காகவே நான் இதை நாலைந்து தடவை பார்த்திருக்கிறேன். பத்திரிகையாளர்கள் முன்னால் நின்று லெஸ்லி, தன்னிடம் வழக்கமாகக் கேட்கப்படும் கேள்விகளைத் தானே எடுத்துப்போட்டுப் பதில் சொல்கிறாள். ஏன் முடி வெட்டும் விதத்தை மாற்றினாய்? எல்லாமே வேண்டும் என்று ஆசைப்படுகிறாயா? இங்கே நிற்கிறாயே, பிள்ளைகள் ஞாபகம் வரவில்லையா? வருகிறது, எல்லோருக்கும் வருவது மாதிரி, சில நேரம் வருவதில்லை. பக்கத்தில் பென் நிற்கிறான். அதே மூன்று பிள்ளைகளின் தகப்பன். இதில் ஒரு கேள்வியும் அவனிடம் யாரும் கேட்பதில்லை என்கிறாள்.

ஆபரேஷன் மேசை விடுகதை மாதிரியே இதுவும். பார்க்கிற நாமும் பென்னிடம் அதைக் கேட்க நினைத்திருக்கவில்லை. அவனுக்கும் பிள்ளைகள் ஞாபகம் வந்திருக்கலாம், அதைச் சொல்ல அவனுக்கும் ஆசை இருந்திருக்கலாம்.

அடுத்த ஆண்டு, 2016-இல், ஹிலாரி அதிபர் வேட்பாளரானார். 'ஃபேமிலி சர்க்கிள்' குக்கீப் போட்டிக்கு வேட்பாளரின் துணை செய்முறை அனுப்ப வேண்டும். முதல் தடவையாக ஒரு கணவர். போட்டியின் பெயரில் 'அதிபர் மனைவி' என்று இருந்ததை எடுத்துவிட்டு 'அதிபர் குக்கீ' என்று மாற்றினார்கள். பில் கிளின்டன் செய்முறை அனுப்பினார். புதிதாக ஒன்றும் இல்லை, 1992-இல் மனைவி கொடுத்த அதே ஓட்ஸ் சாக்லேட் குக்கீதான், தலைப்பு மட்டும் 'கிளின்டன் குடும்பத்து குக்கீ' என்று மாறியிருந்தது. அந்தத் தடவையும் அதுவே ஜெயித்தது.